ஆறு டெல்டாவும் ஒரு முக்காலியும்

அச்சகத் தொழிலில் ஒவ்வோர் எழுத்துக்கும் குடியிருக்க ஓர் அறை உண்டு. அதை எடுத்துக் கோக்கிற மனிதனுக்குத்தான் உட்கார இடம் கிடையாது.

என்னைப் போல ஈயத் தூசியும் மை நாற்றமும் தின்றவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பாசிட்டர் என்பவர் சாய்வான எழுத்துப் பெட்டியின் முன்னால் காலையில் வந்து நிற்பார். பெட்டியில் எழுத்துக்கு ஓர் அறையாக நூற்றுக்கணக்கான சின்ன அறைகள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குவார். சாயங்காலம் வரை நிற்பார். புரூஃப் பார்ப்பவன் மட்டும் உட்காரலாம், ஏனென்றால் அவன் படித்தவன். நாற்பத்துநாலில் மூன்றாம் முறையாகச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஜன்னலோரம் மேஜையும் நாற்காலியும் போட்டுத் தந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சத் தமிழையும் முழு இங்கிலீஷையும் துண்டுப் பிரசுரங்களில் படித்தேன். பிறகு நானே துண்டுப் பிரசுரம் எழுதினேன். அதற்காகத்தான் வேலூர்ச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அங்கே கம்பாசிட்டராக இருந்தவர் ராயப்பன். சாந்தோம் மாதா கோயிலுக்கு அடுத்த தெருவில் பிறந்தவர். இருபத்தேழு வருஷம் நின்று எழுத்துக் கோத்தவர். வலது காலில் நரம்பு புடைத்துக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. கணுக்காலுக்கு மேலே ஒரு புண், ஆறுவதும் வெடிப்பதுமாக. அவருக்கு வேண்டியது பெட்டியின் உயரத்துக்கு ஏற்ற ஒரு முக்காலி. இவ்வளவுதான் விஷயம். அந்நிய ஆட்சியை எதிர்த்து மூன்று முறை சிறை போன நான், ஒரு முக்காலிக்காக ஒரு வருஷம் போராடிய கதையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு கிரேக்க எழுத்து இதில் அடிக்கடி குறுக்கே வரும். மன்னிக்க வேண்டும்.

பலகையில் கிரேக்கம்

யுத்த காலம். சீமையிலிருந்து புது டைப் வருவதில்லை. முதலாளி முதலியார் ஜார்ஜ் டவுனில் மூடிப்போன ஓர் அச்சகத்தின் தட்டுமுட்டுகளை ஏலத்தில் எடுத்துவந்தார். அதில் கிரேக்க எழுத்துப் பெட்டி ஒன்று இருந்தது. ராயப்பன் அதைத் தூசி தட்டிப் பார்த்தபோது ஆல்பா இல்லை, பீட்டா இல்லை, மற்ற எதுவுமே இல்லை. முக்கோண வடிவில் டெல்டா மட்டும் ஆறே ஆறு மிஞ்சியிருந்தது. ஆறையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, முதலாளி கொடுத்த ஒரு சிகரெட் டின்னில் வைத்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வாசல் பலகையில் “இங்கிலீஷ், தமிழ், தெலுங்கு, கிரந்தம்” என்பதற்குப் பக்கத்தில் “கிரேக்கம்” என்று புதுப் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பாஷையையே விற்கிறீர்களே என்று கேட்டேன். வெள்ளைக்காரன் ஒரே கடையை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தையே வாங்கவில்லையா என்றார். வியாபாரத்தில் அவர் சரித்திரம் தெரிந்தவர். நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நினைத்து, ஆறு ஈயத் துண்டுக்கு டின் கொடுத்தீர்களே, ராயப்பனுக்கு ஒரு முக்காலி கொடுக்கக் கூடாதா என்றேன். அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “எழுத்து உக்காந்தா சும்மா உக்காந்திருக்கும்யா. ஆளு உக்காந்தா தூங்கிப்புடுவான். உம்ம ஜெயில்ல உக்காரவெச்சு சோறு போட்டாங்க, அதான் இப்படிக் கெட்டுப்போயிருக்கீர்.”

மூன்று பக்கம்

பலகையைப் பார்த்து முதலில் வந்தவர் மயிலாப்பூர்க் கணக்கு வாத்தியார் ஒருவர். ஜியாமெட்ரிக்கு நோட்ஸ் போட வந்தார். அவர் சாஸ்திரத்தில் டெல்டா என்றால் முக்கோணம் என்று அர்த்தம். ஏபிசி என்ற மூன்று எழுத்துக்கு முன்னால் அதைக் குந்தவைத்துவிட்டால் போதும். பக்கத்துக்குப் பன்னிரண்டு இடத்தில் குந்தவைத்திருந்தார். எங்களிடம் இருந்தது ஆறு.

எழுத்து பற்றாமல் போனால் எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அதே கனமுள்ள வேறு ஓர் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த இடத்தில் நிறுத்துவோம். புரூஃபில் முகத்துக்குப் பதிலாக அதன் கால் விழும். இரண்டு கறுப்புக் கோடு மாதிரி தெரியும். இங்கே ஆள் வரவேண்டும் என்பதற்கு அது அடையாளம். வேறு பக்கம் அச்சாகி முடிந்து டெல்டா விடுதலையானதும், கவிழ்ந்ததை எடுத்துவிட்டு இதை வைப்போம். வாத்தியாரின் நோட்ஸ் இப்படி அரைப் பக்கம் அரைப் பக்கமாக நொண்டியது. நொண்டியது புத்தகம் மட்டுமல்ல. ராயப்பன் பெட்டிக்கும் மெஷினுக்கும் இடையே நொண்டிக்கொண்டு போய் ஆறு எழுத்தைத் திரும்பத் திரும்பப் பொறுக்கிவந்தார்.

வாத்தியார் தினம் சாயங்காலம் வந்து, வடிவங்களில் முக்கோணமே உறுதியானது என்று எனக்கு உபதேசம் செய்வார். ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டேன். மூன்று கால் உள்ள ஆசனம் ஆடாது அல்லவா, அதை முதலாளியிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக் கூடாதா என்றேன். வாத்தியார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெகு நிதானமாகச் சொன்னார்: “மூணு கால் இருந்தா ஆடாதுங்கறது நிரூபணம் ஆயிடுத்து, ஓய். முதலியார் அதை வாங்கித் தருவார்ங்கறதுதான் நிரூபணம் ஆகலை. ஆகாத விஷயத்துல நான் தலையிடறதில்லை. ஆத்துல கூட அப்படித்தான்.”

தோள் வரைக்கும்

அடுத்தவர் பாண்டி பஜார் டாக்டர். காலராவுக்கு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி ஜனங்களுக்கு ஒரு நோட்டீஸ். தோளுக்குக் கீழே சதை திரண்டிருக்கும் இடத்துக்கு வைத்திய நூலில் டெல்டாய்ட் என்று பெயராம். முக்கோணத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருப்பதால், எப்போதோ ஒருவர் அந்த எழுத்தின் பெயரைச் சூட்டிவிட்டார். நோட்டீஸின் நடுவில் ஒரு கையை வரைந்து, குத்துகிற இடத்தில் ஒரு டெல்டாவைத் தலைகீழாக நிறுத்த வேண்டும் என்றார். ஏழைகளுக்கு இலவச ஊசி. நல்ல காரியம், குறை சொல்ல முடியாது.

நல்ல மனிதர் என்று தெரிந்ததும் ராயப்பனை வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டச் சொன்னேன். டாக்டர் குனிந்து பார்த்தார். விரலால் புண்ணின் ஓரத்தை அழுத்தினார். முகம் மாறியது. இன்னும் ஆறு மாதம் இப்படியே நின்றால் இந்தக் கால் உமக்குச் சொந்தமாக இருக்காது, ஐயா, உட்கார்ந்து வேலை செய்யும் என்றார். சரி, அதை அந்த அறையில் இருக்கும் முதலாளியிடம் சொல்லுங்கள் என்று கதவைக் காட்டினேன். டாக்டர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். நோட்டீஸ் இவ்வளவு சீக்கிரம் அச்சடித்துத் தர வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அவர் சொன்ன பதில் இது: “இந்த நோட்டீஸ்ல நான் தோள் வரைக்கும்தான் வந்திருக்கேன் சார். கால் வேற நோட்டீஸ்.”

நாலடித் தண்ணீர்

ஒருநாள் பின்னால் கரி அடுப்பு மாட்டிய கார் ஒன்று புகைந்துகொண்டு எங்கள் சந்து முனையில் வந்து நின்றது. பெட்ரோல் கிடைக்காத நாட்களில் தியாகராய நகர்ப் பெரிய மனிதர்கள் இப்படித்தான் இருமிக்கொண்டு வருவார்கள். இறங்கியவர் ஓய்வுபெற்ற நீர்ப்பாசன எஞ்சினீயர். ஒரு சங்கத்தில் சொற்பொழிவு செய்யப்போகிறார். அதை முன்கூட்டியே புத்தகமாக்கிக் கையில் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்துப் பிரதியில் வரிக்கு வரி டெல்டா. காவிரி கடலில் விழுகிற தஞ்சாவூர்ப் பக்கத்தைப் பற்றியா என்று கேட்டுவிட்டேன். துண்டுப் பிரசுரத்தில் படித்த பூகோளம் எனக்கு அவ்வளவுதான் கொடுத்திருந்தது.

“அது நிலம். நான் எழுதியிருப்பது ஆழம்” என்றார். விதைத்த நாள் முதல் அறுக்கிற நாள் வரை பயிருக்கு விட்ட தண்ணீரையெல்லாம் வடியாமல் வயலில் தேக்கினால் எத்தனை அடி நிற்குமோ, அதற்குப் பெயர் டெல்டாவாம். நெல்லுக்குச் சுமார் நாலடி. அந்த நாலடியை அவர் முப்பது வருஷம் அளந்தார். தண்ணீரைத் திறந்துவிட்ட மதகுக் கூலி எத்தனை மணி நேரம் இடுப்பளவில் நின்றான் என்பதற்கு அவர் நூலில் எழுத்து இல்லை. தேடிப் பார்த்தேன், புரூஃப் முழுதும் நான்தானே படித்தேன்.

அவரிடமும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று கேட்காதீர்கள். கதவைத் தட்டித் தட்டியே விரல் மரத்துப்போன ஜாதி நாங்கள். முதலாளி இவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார், இவர் சொன்னால் மறுக்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். எஞ்சினீயர் ராயப்பனை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார், மதகுக் கம்பத்தில் அடிக்கணக்குப் பார்ப்பது போல. பிறகு சொன்னார்: “பயிர் நிற்கிறது, தண்ணீர் நிற்கிறது, அதனால்தான் விளைகிறது. ஆள் நின்றால் மட்டும் என்ன வந்துவிட்டது?”

நான்காம் தரம்

வாய் வார்த்தை பலிக்காது, எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலாளிக்குத் தமிழில் எழுதினால் பயம் கிடையாது. ஆகையால் என் நாற்காலியில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். எட்டுப் பக்கம். ஏகாதிபத்தியம் என்ற சொல் ஏழு இடத்தில் வந்தது. முக்காலி கடைசிப் பக்கத்தில் வந்தது. அதைத் திருத்தித் தரும்படி, எங்களிடம் விசிட்டிங் கார்டு அச்சடிக்கிற ஓர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியரிடம் லஸ் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மூன்று நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. அடியில் சிவப்பு மசியில் சின்னதாக ஒரு டெல்டா மட்டும் போட்டிருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முக்கோணம் உறுதி, டெல்டா ஆழம், இரண்டில் எதுவானாலும் பாராட்டுத்தான் என்று ராயப்பனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “எதுக்கும் ஒரு வாட்டி கேட்டுக்கினு வந்துரு தலைவரே” என்றார். கேட்டேன். காலேஜில் வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் கட்டுரைக்கு மார்க் போடுவதற்குப் பதிலாகக் கிரேக்க எழுத்துப் போடுவார்களாம். முதல் தரத்துக்கு ஆல்பா, அடுத்தது பீட்டா, அதற்குக் கீழே காமா. நாலாவதுதான் நான் வாங்கியது. என் மனு நியாயமா அநியாயமா என்று ஒரு வார்த்தை கிடையாதா என்றேன். அதற்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம்: “நியாயத்துக்கு மார்க் கிடையாது, நடைக்குத்தான். டெல்டாவே கருணையில போட்டது. அதுக்குக் கீழே கிரேக்கர்கள் இன்னும் இருபது எழுத்து வெச்சிருக்கா, தெரிஞ்சுக்கோங்கோ.”

இரண்டு கறுப்புக் கோடு

அடையாற்றங்கரையில் ஒரு பங்களாவில் ஓர் அம்மாள் தியான வட்டம் நடத்திவந்தார். பௌர்ணமிக்கு முன்னால் அன்பர்களுக்கு அனுப்ப ஒரு துண்டுத்தாள். அதன் உச்சியில் பெரிதாக மூன்று டெல்டா. அவர் ஞானத்தில் அது அக்கினியின் வடிவம். கண்ணை மூடிப் புருவ மத்தியில் அதை நிறுத்தினால் மனம் அடங்கும். எங்கள் ஆறு டெல்டாவும் அப்போது ஜியாமெட்ரியில் மாட்டிக்கொண்டிருந்தன. ராயப்பன் வழக்கம்போல மூன்று எழுத்தைக் கவிழ்த்துவைத்தார். புரூஃப் என் மேஜைக்கு வந்தது. அன்று நான் மனுவைக் காமாவுக்காவது உயர்த்தலாம் என்று திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பார்க்காமலே சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருநூறு தாளும் முக்கோணத்துக்குப் பதிலாக இரண்டிரண்டு கறுப்புக் கோட்டோடு அச்சாகி அடையாறு போய்ச் சேர்ந்தன.

பௌர்ணமிக்கு மறுநாள் அம்மாளே வந்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். சிறையில் சூப்பிரண்டெண்டுக்குக்கூட அப்படி எழுந்ததில்லை. அவர் புன்னகையோடு சொன்னார்: முக்கோணத்தில் மனம் முனையில் முட்டிக்கொள்ளும், இந்தக் கோடுகளில் முட்டாமல் நடுவே நழுவிப்போகிறது, இரண்டு பேருக்குக் கண்ணீரே வந்துவிட்டது, இனி எப்போதும் இப்படியே போடுங்கள். கவிழ்த்துவைத்த ஈயத்தின் கால் அது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இவ்வளவு கனிந்த மனத்தை வீணாக்கக் கூடாது என்று முக்காலி விஷயத்தைச் சொன்னேன். அம்மாள் ராயப்பனின் காலைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்: “அவர் நிற்கிறார் என்று ஏன் நினைக்கிறீர்கள்? தேகம்தானே நிற்கிறது.”

முதல் தேதி

ஜூன் வந்தது. ஒரு வியாழக்கிழமை ராயப்பன் மெஷினிலிருந்து திரும்பி வருகையில் கால் மடங்கி, கோத்த வரி ஒன்றைக் கீழே கொட்டிவிட்டார். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து, சிதறிய எழுத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். முதல் தேதியிலிருந்து நிற்கக்கூடிய ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டில் இருந்து காலைக் கவனி என்று, உபகாரம் செய்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். இருபத்தேழு வருஷத்துக்கு இரண்டு வாக்கியம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே உட்கார்ந்து புதிதாக ஒரு துண்டுப் பிரசுரம் ஆரம்பித்தேன். “நிற்கும் மனிதன்” என்று தலைப்பு. அந்த மாதிரித் தலைப்புக்கு ஒரு காலத்தில் ஆறு மாதம் கொடுப்பார்கள். முதல் பக்கத்தை ராயப்பனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் தரையில் சிதறிய எழுத்தைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சொன்னார்: “சோக்கா கீது தலைவரே. எழுது, எழுது. நான் கோக்கறேன். நின்னுகினே.”

எல்லோருக்கும் சனிக்கிழமை

அச்சக முதலாளிகளுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் தெரியும். யார் கேட்டாலும் “சனிக்கிழமை வாங்க” என்பார்கள். எங்கள் முதலாளி அந்த வாரம் மூன்று பேருக்கும் அதைச் சொல்லியிருந்தார். எஞ்சினீயருக்கு அன்று மாலை ஐந்து மணிக்குச் சொற்பொழிவு. வாத்தியாருக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. இருவருக்கும் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. டாக்டருக்கு மறுபடியும் ஊசி முகாம், புது நோட்டீஸ். பத்து மணிக்கு மூவரும் வந்துவிட்டார்கள். ராயப்பன் சிகரெட் டின்னைத் திறந்தார். காலி.

“எழுத்து எங்கய்யா?” என்றார் முதலாளி.

“இங்கதான் எங்கியோ கீது. ஊட்டுக்கு எடுத்துக்கினு போய்க் கொழம்பா வெக்கப்போறேன்?”

“இங்கதான்னா எங்க?”

“அதான் நெனப்பு வர்ல.”

நினைவு எப்போது வரும் என்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ராயப்பன் பெட்டியின் ஓரத்தை ஒரு கையால் பிடித்தபடி, மரியாதை குறையாமல் சொன்னார். “நின்னுகினே இருந்தா ரத்தம் பூரா காலுக்கு எறங்கிடுது நைனா. மண்டைக்கு ஏற மாட்டேங்குது. கொஞ்சம் உக்காந்தா ஏறும்.”

முதலாளி நம்பவில்லை. அவரே தேடினார். இங்கிலீஷ்ப் பெட்டியைக் கிளறினார், மேஜைக்கு அடியில் குனிந்தார், குப்பையைக் கொட்டிப் பார்த்தார். சட்டைக் கைகளில் மை. நானும் தேடினேன், நிஜமாகவே தேடினேன், எனக்கும் தெரியாது. மணி பதினொன்று. எஞ்சினீயர் கைக்கடிகாரத்தை முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டி, டெல்டா இல்லாமல் நான் எதை அளந்து பேசுவது என்று கத்தினார். டெல்டா இல்லாத ஜியாமெட்ரியை எந்தப் பையன் வாங்குவான் என்றார் வாத்தியார். இவர்கள் சண்டையில் ஜனங்களுக்குக் காலரா வந்துவிடும் என்றார் டாக்டர். ஒரே எழுத்துக்கு மூன்று உரிமையாளர்கள். ஒருவர் பொருளை மற்றவர் ஒப்புக்கொள்ளாமல் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். கடைசியில் மூவரும் ஒன்றுசேர்ந்து முதலாளியை முறைத்தார்கள்.

அப்போது நடந்ததைத்தான் நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஒரு வருஷமாக என்னை ஒவ்வொரு வாசலிலிருந்தும் அனுப்பிவைத்த அதே வாய்கள் திறந்தன. அவர் ரத்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்வது வைத்திய ரீதியில் சரிதான் என்றார் டாக்டர். மூன்று காலோ நாலு காலோ ஏதாவது ஒன்றைக் கொண்டுவாரும் ஓய் என்றார் வாத்தியார். முதலாளி தன் அறைக்குள் போய், தானும் சென்ஸார் அதிகாரியும் தவிர யாரும் உட்காராத பிரம்பு நாற்காலியைத் தானே தூக்கிவந்தார். அது பெட்டிக்கு எட்டாத தாழ்ந்த நாற்காலி. ஆகவே இரண்டு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றினார்கள். ராயப்பன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டினார். கண்ணை மூடினார். மாதா கோயில் தேரில் வைத்தது போல இருந்தது.

ஐந்து நிமிஷம் போனது. பிறகு கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, தமிழ்ப் பெட்டியின் மூலையில் ஓர் அறையில் விரலை விட்டு, ஒன்று, இரண்டு என்று ஆறையும் எடுத்து வைத்தார். எஞ்சினீயர் கையை நீட்டினார். ராயப்பன் கொடுக்கவில்லை. “மொதல்ல டாக்டரு நோட்டீஸு. காலரா அடுத்த சனிக்கெயம வரைக்கும் நிக்காது. அப்பால தண்ணி. அப்பால முக்கோணம்.” எல்லாம் மூன்றரைக்குள் முடிந்தது. முதலாளி அன்று முழுதும் தன் அறையில் நின்றுகொண்டே இருந்தார். திங்கட்கிழமை காலை நாற்காலியை மீட்டுக்கொள்வதற்காகத் தச்சனிடம் சொல்லி உயரமான ஒரு முக்காலி வரவழைத்தார். முதல் தேதியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை போகும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு எஞ்சினீயர் முதலாளியைக் கடிந்துகொண்டது என் காதில் விழுந்தது: “ஒரு முக்காலிக்காக இவ்வளவு தூரம் விடலாமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே எப்போதோ சொல்லியிருப்பேனே!”

அந்த மூலை அறை

அடுத்த வாரம் சும்மா இருக்கும்போது ராயப்பனின் முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, அன்று எங்கே வைத்திருந்தீர் என்று கேட்டேன். காட்டினார். ஙூ என்ற எழுத்தின் அறை. அரிச்சுவடியில் குழந்தைகள் கத்துவதோடு சரி. அந்த எழுத்து வருகிற ஒரு சொல்லை இருபத்தேழு வருஷத்தில் தான் கோத்ததே இல்லை, அந்த அறைக்குள் யாரும் கை விட மாட்டார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இந்தப் பொய்யைச் சொன்னீரா என்றேன். பொய் சொன்னால்தானே, நின்றால் நினைப்பு வராது என்பது நிஜம்தானே என்றார்.

இன்று நாற்பத்தொன்பது. என்னோடு ஒரே தட்டில் கூழ் குடித்தவர்கள் கோட்டையில் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். போய்க் கேட்டால் யார் என்று கேட்கிறார்கள். எனக்கு அது பழகிவிட்டது. ராயப்பன் அன்று சொன்னதுதான் பழகவில்லை. உமக்காக நான் ஒரு வருஷம் போராடியது வீண் இல்லை, நான் போட்ட விதைதான் அன்று சனிக்கிழமை முளைத்தது என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எழுத்தை அடுக்கிக்கொண்டே, கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டு சொன்னார்: “இன்னாத்துக்குப் பொய் சொல்லணும், ஊரெல்லாம் போய்க் கேட்டே தலைவரே. ஆனா ஒரே ஒரு நாளு, ‘ராயப்பா, கொஞ்ச நாழி என் நாற்காலில வந்து குந்து’ன்னு சொல்லலியே நீ.”

ஐந்து அறிஞர்களும் ஒரு தியாகியும் ஒரு வருஷத்தில் சாதிக்காததை ஆறு ஈயத் துண்டுகள் ஒரு காலை நேரத்தில் சாதித்துவிட்டன. ராயப்பன் அதைச் சொன்ன நாள் முதல் நான் நின்றுகொண்டுதான் புரூஃப் பார்க்கிறேன், கேட்பவர்களிடம் கண்ணுக்கு நல்லது என்று சொல்லிவிடுகிறேன்.